பேரரசுக்கால ஆங்கில இலக்கியத்தில் மலாயாவின் பால்மரக் காடு: பின்காலனிய வாசிப்பும் தமிழாய்வின் பங்கும்

முன்னுரை

1786ஆம் ஆண்டில் பினாங்குத் தீவில் ஆங்கிலேயர் காலூன்றியது முதல் 1957ஆம் ஆண்டில் மலாயா விடுதலை பெற்றது வரையிலான காலப்பகுதியில் இந்நாட்டைக் களமாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புனைகதைகளும் பயணக் குறிப்புகளும் நினைவுக் குறிப்புகளும் எண்ணிக்கையில் குறைந்தன அல்ல. ஆட்சி அதிகாரிகளாக வந்தோர், கப்பலோட்டிகளாக வந்தோர், பயணிகளாக வந்தோர், ஆசிரியர்களாக வந்தோர் எனப் பல திறத்தாரும் இவற்றை எழுதினர். பேரரசுக்கால ஆங்கில இலக்கியம் என்னும் வகையுள் அடங்கும் இவ்வெழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத் துறைகளின் ஆய்வுப் பொருளாகவே இருந்து வந்துள்ளன. தமிழ் ஆய்வாளர் இவற்றைத் தமக்குரிய மூலங்களாகக் கொண்டு ஆராய்ந்தது அரிது.

இக்கட்டுரை இரண்டு கருத்துகளை முன்வைக்கிறது. ரப்பர்த் தோட்டத்தை அடித்தளமாகக் கொண்ட ஆங்கிலக் கதைகளில் அத்தோட்டத்தை உருவாக்கிய தமிழ்த் தொழிலாளி ஏறத்தாழ இடம்பெறவே இல்லை என்பதும், அவ்வின்மை ஆராயத்தக்க ஒரு சான்று என்பதும் முதற்கருத்தாகும். காலனியம் கழிந்த பின்னர் எழுந்த இலக்கிய ஆய்வும் ஆங்கில நூல்களை மட்டுமே கொண்டு நடைபெறுமாயின் அதே இன்மை வேறு வடிவில் தொடரும் என்பது இரண்டாவது கருத்தாகும். இவற்றை நிறுவுதற்குச் சோமர்செட் மாமின் மலாயாக் கதைகள் முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஆங்கில இலக்கியம் பாடமான வரலாறு

ஆங்கில இலக்கியக் கல்விக்கும் பேரரசு ஆட்சிக்கும் உள்ள தொடர்பை முதற்கண் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் தேவை. ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தில் பாடமாக வளர்ந்து பின்னர்க் குடியேற்ற நாடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பதே பொதுவாக நிலவும் எண்ணம். 1989ஆம் ஆண்டில் கௌரி விசுவநாதன் வெளியிட்ட 'மாஸ்க்ஸ் ஆஃப் கான்குவெஸ்ட்' என்னும் நூல் இவ்வெண்ணத்தை மறுத்தது. இங்கிலாந்தின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களே உயர்கல்விக்கு உரியனவாகக் கருதப்பட்ட காலத்திலேயே, இந்தியாவில் ஆங்கில இலக்கியம் முறையான பாடமாகிவிட்டது என்பதை அவர் ஆவணங்களின் வழி நிறுவினார். 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்தியரின் கல்விக்கான பொறுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனியின்மீது சுமத்தியது. அதே வேளையில், சமயப் பரப்பலில் நேரடியாக ஈடுபடக் கம்பெனி தயங்கியது. ஆள்வோரின் ஒழுக்கமும் அறிவும் மேலானவை என உணர்த்தும் பணி இத்தகைய சூழலில் இலக்கியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1835ஆம் ஆண்டில் மெக்காலே எழுதிய கல்விக் குறிப்பு இப்போக்கிற்கு அரசியல் வலிமை சேர்த்தது.

இக்கல்வியின் விளைவு ஒருமுகமானதன்று என்பதையும் ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராகத் தேறிய சி. வை. தாமோதரம் பிள்ளை பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஆங்கில உரைநடைப் புனைகதையை அறிந்த வேதநாயகம் பிள்ளை 1879ஆம் ஆண்டில் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். ஆள்வோர் தந்த கருவியைத் தம் மொழியின் ஆக்கத்திற்குப் பயன்படுத்திய தலைமுறை அது. காலனியக் கல்வி கற்றோரை வெறும் பின்பற்றுவோராக மட்டும் காண்பது பொருந்தாது என்பதற்கு இவை சான்றாகும்.

மலாயாவில் நிலைமை சற்று வேறுபட்டது. பினாங்கு ஃபிரீ பள்ளி (1816), சிங்கப்பூர் இராஃபிள்ஸ் கல்வி நிலையம் (1823), கோலாலம்பூர் விக்டோரியா கல்வி நிலையம் (1893) ஆகிய ஆங்கிலப் பள்ளிகள் நகரங்களில் அமைந்தன. தோட்டங்களிலோ, 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் விளைவாகத் தமிழ்ப் பள்ளிகள் தோன்றின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்பது அச்சட்டத்தின் எதிர்பார்ப்பு. ஆங்கிலப் பள்ளி எழுத்தரையும் கிராணியையும் உருவாக்கிற்று. தோட்டப் பள்ளியில் பயின்ற பிள்ளைகளுள் பெரும்பாலோர் மீண்டும் பால்மரக் காட்டிற்கே சென்றனர். ஆக, ஆங்கில இலக்கியம் எட்டிய தமிழரும் எட்டாத தமிழரும் என இரு பிரிவினர் ஒரே நாட்டில் வளர்ந்தனர். பின்னர் எழுந்த இலக்கியங்களை விளங்கிக்கொள்ள இப்பிரிவினை இன்றியமையாதது.

பின்காலனிய வாசிப்பு: சொல்லும் முறையும்

'பின்காலனியம்' என்னும் சொல்லில் உள்ள 'பின்' என்பது காலத்தை மட்டும் குறிப்பதன்று. ஆட்சி முடிந்த பின்னரும் அதன் மொழி, கல்வி, நில உரிமை, இனப் பாகுபாடு ஆகியன தொடர்ந்து செயற்படுவதை ஆராயும் நோக்கு நிலையையே அச்சொல் குறிக்கிறது. 1975ஆம் ஆண்டில் நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை இத்துறையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலில் ஆப்பிரிக்கா ஐரோப்பியனின் மனப் போராட்டத்திற்குப் பின்திரையாக மட்டுமே பயன்படுகிறது என்றும், ஆப்பிரிக்கர் மனிதர்களாகவே காட்டப்படவில்லை என்றும் அவர் வாதிட்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் எட்வர்ட் சைத் எழுதிய 'ஓரியண்டலிசம்' (1978), கீழை நாடுகள் பற்றிய மேலை அறிவுத்துறை ஆட்சி அதிகாரத்தோடு பிணைந்திருந்த வகையை விரிவாக ஆராய்ந்தது.

நம் நோக்கத்திற்கு மிகவும் பயன்படுவது சைத் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்' என்னும் நூலில் விளக்கப்படும் வாசிப்பு முறையாகும். மேலை இசையில் இரு வேறு மெட்டுகள் தத்தம் போக்கில் ஒரே நேரத்தில் ஒலித்து, ஒன்றை மற்றொன்று விளங்கச் செய்யும் அமைப்பு உண்டு. அதனை உவமையாகக் கொண்டு, பேரரசு மையத்தின் கதையையும் அது ஒதுக்கிய மக்களின் கதையையும் ஒருசேர வாசிக்க வேண்டும் என்றார் சைத். இதனை 'எதிரிணை வாசிப்பு' எனத் தமிழில் குறிக்கலாம். ஜேன் ஆஸ்டினின் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' (1814) நாவலை அவர் சான்றாகக் காட்டுகிறார். அந்நாவலில் வரும் ஆங்கில மாளிகையின் தலைவருக்கு மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஆன்டிகுவாவில் உடைமை உண்டு. அவர் அங்குச் செல்கிறார், திரும்பி வருகிறார். ஆயின், அடிமைகளின் உழைப்பால் இயங்கிய அத்தீவின் வாழ்வு வாசகருக்குக் காட்டப்படுவதே இல்லை. ஒரு நாவல் எதைப் பேசாமல் விட்டதோ அதுவே அதன் பொருளியல் அடித்தளமாக இருக்கக்கூடும் என்பது இதனால் பெறப்படும்.

அதிகாரிகளும் கப்பலோட்டியும்

1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் மலாய் மாநிலங்களில் ஆங்கிலேய ஆலோசகர் முறை ஏற்பட்டது. அம்முறையில் பணியாற்றிய இருவர் எழுத்தாளராகவும் விளங்கினர். பிராங்க் சுவெட்டன்ஹாம் 'மலாய் ஸ்கெட்சஸ்' (1895) என்னும் நூலை எழுதினார். பதினேழு வயதில் பேராக்கிற்கு வந்த ஹியூ கிளிஃபர்ட் 'இன் கோர்ட் அண்ட் கம்போங்' (1897) முதலிய நூல்களை எழுதினார். இருவருமே மலாய் மொழியறிவு மிக்கவர்கள். மலாய் மக்களை வருணிப்பதில் அவர்களுக்கு ஈடுபாடு இருந்தது. மறைந்து வரும் ஓர் உலகை நினைவில் பதிக்கிறோம் என்னும் இரங்கல் உணர்வு அவர்தம் எழுத்தில் மேலோங்கி நிற்கிறது. அவ்வுலகை மாற்றியமைத்த ஆட்சியின் அலுவலர்களும் அவர்களே என்பது நோக்குதற்குரியது.

கான்ராட் அதிகாரியல்லர். 1887ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து 'விடார்' என்னும் நீராவிக் கப்பலில் பணியாற்றியபோது கண்ட போர்னியோக் கரையோர வாழ்வு அவருடைய தொடக்க நாவல்களுக்குக் களமாயிற்று. 'லார்ட் ஜிம்' (1900) நாவலின் மூல நிகழ்ச்சியும் இவ்வட்டாரத்தைச் சார்ந்ததே. 1880ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து புனித யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற 'ஜெட்டா' என்னும் கப்பல் மூழ்கிவிடும் எனக் கருதி, அதன் ஐரோப்பிய அதிகாரிகள் யாத்திரிகர்களைக் கைவிட்டுத் தப்பினர். கப்பலோ மூழ்காமல் ஏடன் துறைமுகம் வந்து சேர்ந்தது. கான்ராட் இந்நிகழ்ச்சியை ஒரு தனிமனிதனின் மானப் பிரச்சினையாக மாற்றினார். நாவலின் கப்பலில் இருந்த எண்ணூறு யாத்திரிகர்களுள் எவருடைய குரலையும் நாம் கேட்பதில்லை. பேரரசு மனிதனின் அறத்தை இரக்கமின்றி விசாரிக்கும் அந்நாவல், அந்த அறம் எவரிடத்துப் பிழைபட்டதோ அவர்களை விசாரணைக்கு அழைக்கவில்லை.

மாம் கதைகளில் ரப்பர்த் தோட்டம்

கான்ராடின் கடல் உலகிலிருந்து மாமின் தோட்ட உலகிற்கு வரும்போது காலம் மாறிவிடுகிறது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிற்கு வந்த ரப்பர்க் கன்றுகள், ஹென்றி ரிட்லியின் முயற்சியால் பயிராகப் பரவி, 1910ஆம் ஆண்டையொட்டிப் பெரும் செல்வப் பொருளாயின. மாம் 1921ஆம் ஆண்டில் மலாயாவிற்கு வந்தபோது தோட்டக்காரர்களும் அவர்களுடைய மனமகிழ் மன்றங்களும் ஒரு தனிச் சமூகமாக வளர்ந்திருந்தன. 'தி கேசுவரினா டிரீ' (1926), 'ஆ கிங்' (1933) ஆகிய தொகுதிகளில் உள்ள கதைகள் அச்சமூகத்தைப் பற்றியன.

இவற்றுள் பெரும்புகழ் பெற்றது 'தி லெட்டர்'. 1911ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஈத்தல் பிரவுட்லாக் என்னும் ஆசிரியர் மனைவி, வில்லியம் ஸ்டுவர்ட் என்னும் ஈயச் சுரங்க மேலாளரைச் சுட்டுக் கொன்ற வழக்கே அதன் மூலம். அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர்ச் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். மாம் அந்நிகழ்ச்சியைப் பள்ளி வளாகத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்திற்கு மாற்றினார். கதையின் கணவர் ஒரு தோட்டக்காரர். தனித்த தோட்ட மாளிகையும் அதனைச் சூழ்ந்த இருளும் கொலைக்கு வேண்டிய சூழலை அமைக்கின்றன. சீன எழுத்தரும் இறந்தவரோடு வாழ்ந்த சீனப் பெண்ணும் கதையில் இன்றியமையாத இடம் பெறுகின்றனர். ஆனால், தோட்டத்தில் வேலை செய்தோர் எவரும் கதையின் இயக்கத்தில் பங்கு பெறவில்லை. அந்தத் தனிமை உண்மையில் ஐரோப்பியரின் தனிமையே ஆகும். மாளிகைக்குக் கூப்பிடு தொலைவில் லயங்களில் நிறைந்திருந்த குடும்பங்கள் அத்தனிமையின் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

'ஃபுட்பிரின்ட்ஸ் இன் தி ஜங்கிள்' என்னும் கதை இன்னும் தெளிவான சான்றாகும். தோட்டக்காரர் ஒருவர் தம் தொழிலாளருக்குக் கூலி கொடுக்கப் பணம் எடுத்துக்கொண்டு மிதிவண்டியில் திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்படுகிறார். பணம் காணாமற்போகிறது. கொள்ளைக்காக நிகழ்ந்த கொலை என்று தோன்றுமாறு செய்யப்பட்ட அச்செயலின் உண்மைக் காரணம், அவருடைய மனைவிக்கும் நண்பருக்கும் இடையிலான உறவு. இக்கதையில் தொழிலாளர் எவ்வாறு இடம்பெறுகின்றனர்? அவர்களுக்குச் சேர வேண்டிய பணமாக மட்டுமே இடம்பெறுகின்றனர். அப்பணம் இன்றேல் கொள்ளை என்னும் நாடகம் நடவாது. எனினும், அம்மாதக் கூலி அத்தொழிலாளரைச் சென்றடைந்ததா என்னும் வினா கதையில் எழுவதே இல்லை.

இவ்விடத்து ஒரு சொல்லை எண்ணிப் பார்க்கலாம். 'கூலி' என்பது தமிழில் வேலைக்குரிய ஊதியம். வேலை செய்பவர் கூலியாள் அல்லது கூலிக்காரர். ஆங்கிலத்திலோ அச்சொல் மனிதரையே குறிக்கிறது. அதன் பிறப்புப் பற்றி வேறு கருத்துகளும் உண்டெனினும், தமிழ் வாசகரின் செவிக்கு இம்மாற்றம் பொருள் பொதிந்தது. மனிதர் மறைந்து ஊதியம் மட்டும் எஞ்சும் நிலையை மாமின் கதையமைப்பும் அச்சொல்லின் ஆங்கில வழக்கும் ஒருங்கே காட்டுகின்றன.

மாம் தம் நாட்டவரைப் புகழ்ந்து எழுதியவர் அல்லர் என்பதையும் கூறுதல் நடுநிலைக்கு ஏற்றது. தோட்டக்காரர்களின் பொய்ம்மையையும் வெறுமையையும் அவர் வெளிப்படுத்தியதால் மலாயா ஐரோப்பியர் பலர் அவர்மீது சினம் கொண்டனர். எழுத்தாளர் தாம் அறிந்த வட்டத்தைத்தான் எழுத இயலும். மொழி அறியாத தொழிலாளரை அவர் எழுதவில்லை என்று குறை கூறுவது முறையா என்று கேட்கலாம். இக்கேள்வி நேரியதே. எதிரிணை வாசிப்பின் நோக்கம் ஆசிரியரைக் குற்றவாளியாக்குவதன்று. ஒரு தோட்டத்தைப் பற்றி அதன் தொழிலாளரைக் குறிப்பிடாமலே முழுமையான கதை எழுத முடியும் என்றும், வாசகர் அதில் எக்குறையும் காணார் என்றும் நம்பத்தக்க நிலையை எது ஏற்படுத்தியது என்பதே அவ்வாசிப்பு எழுப்பும் வினா.

அதே தோட்டத்தின் மற்றொரு வரலாறு

அவ்வினாவிற்கு விடை காணத் தோட்ட வரலாற்றை உடன்வைத்து நோக்க வேண்டும். 1907ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளர் குடியேற்றத்திற்கென ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. கங்காணி முறை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும் வரை நீடித்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயா இந்தியரின் எண்ணிக்கை 6 இலட்சத்தைத் தாண்டியது; அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர். மாம் கதைகள் வெளிவந்த 1920களின் இறுதியில் பல தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்தது. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், கள்ளுக்கடைகளை மூடுதல் முதலிய கோரிக்கைகளோடு, தோட்ட அதிகாரிகள் எதிர்ப்படும்போது தொழிலாளர் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தலும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. வேலைநிறுத்தம் படைகொண்டு அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். மாமின் கதையில் மிதிவண்டியில் செல்லும் தோட்டக்காரரையும், அவரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டியிருந்த தொழிலாளியையும் ஒரே பாதையில் வைத்துப் பார்ப்பதே எதிரிணை வாசிப்பு. அப்பொழுது கதையின் அழகு குறைவதில்லை. அது நடைபெறும் நிலத்தின் முழுப் பரப்பும் புலப்படுகிறது.

சயாம் ரயில்பாதை: நினைவின் பங்கீடு

பேரரசு இலக்கியத்தின் மரபுரிமை விடுதலைக்குப் பின்னும் தொடர்வதற்குச் சயாம் ரயில்பாதை தக்க சான்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க அமைத்த அப்பாதையில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளரின் எண்ணிக்கை இதனினும் பன்மடங்கு மிகுதி. அவர்களுள் இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது.

உலக நினைவில் இப்பாதை நிலைபெற்றது பியர் பூல் 1952ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் எழுதிய நாவலாலும், அதனைத் தழுவி 1957ஆம் ஆண்டில் டேவிட் லீன் இயக்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' திரைப்படத்தாலுமே. பூல் போருக்கு முன் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பணிபுரிந்தவர். தோட்டத் தமிழரை அறிந்திருக்க வாய்ப்புள்ள ஓர் எழுத்தாளரின் கதையிலும் ஆங்கிலேயப் படை அதிகாரியின் மானப் பிரச்சினையே மையமாயிற்று. 2014ஆம் ஆண்டில் புக்கர் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஃபிளனகனின் நாவலும் ஆஸ்திரேலியப் போர்க் கைதி மருத்துவர் ஒருவரையே மையமாகக் கொண்டது. தமிழ்த் தொழிலாளரை மையமாகக் கொண்டு இப்பாதையின் வரலாற்றைப் புனைந்தவை மலேசியத் தமிழ் நாவல்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகியன குறிப்பிடத்தக்கவை. இவற்றை அறியாமல் ரயில்பாதை இலக்கியம் பற்றி எழுதப்படும் ஆய்வு எத்துணைக் கோட்பாட்டுச் செறிவுடையதாயினும் இறந்தோருள் பெரும்பான்மையினரைக் கணக்கில் கொள்ளாத ஆய்வாகவே அமையும்.

ஆங்கிலத்திலேயே எழுந்த மறுமொழி

பேரரசின் மொழியைக் கையிலெடுத்து அதற்கு மறுமொழி கூறிய எழுத்தாளரும் இந்நாட்டில் தோன்றினர். இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய லாய்ட் பெர்னாண்டோ, 'ஸ்கார்ப்பியன் ஆர்க்கிட்' (1976) நாவலில் நான்கு இனப் பின்னணிகளைச் சேர்ந்த நான்கு இளைஞரின் வாழ்வினூடே பழைய மலாய் நூற்பகுதிகளையும் இணைத்தார். நாட்டின் வரலாறு ஆங்கிலேயர் வருகையோடு தொடங்கவில்லை என்பதை நாவலின் அமைப்பே உணர்த்துகிறது.

நம் பொருளுக்கு மிக நெருங்கியது கே. எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' (1981). 1942ஆம் ஆண்டில் கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்து 2020ஆம் ஆண்டில் மறைந்த மணியம், மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். கதை கூறும் ரவி தமிழ்ப் பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறுகிறான். இங்கிலாந்து சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்புகிறான். அவனுடைய பாட்டி பெரியதாய் தமிழகத்திலிருந்து வந்து தன் உழைப்பால் ஒரு குடிலை அமைக்கிறாள். நிலத்திற்கோ அவளிடம் உரிமைப் பத்திரம் இல்லை. மருத்துவமனைச் சலவைத் தொழிலாளியான தந்தையும் தமக்கென ஒரு வீட்டை நிலைநாட்ட முயன்று, இறுதியில் அவ்வீட்டோடு தம்மையும் எரித்துக்கொள்கிறார். மகனுக்கு ஆங்கிலம் வழி ஓர் இடம் கிடைக்கிறது; தந்தைக்கு எம்மொழியிலும் இடம் கிடைக்கவில்லை. முன்னர்க் கூறிய இருவகைப் பள்ளிகளின் பிரிவினை ஒரே குடும்பத்திற்குள் நிகழ்வதை இந்நாவல் காட்டுகிறது. மாமின் கதைகளில் பெயரற்று இருந்தோரின் வழித்தோன்றல் அதே மொழியில் எழுதிய நாவல் இது எனலாம்.

அண்மைக்கால நாவல்களுள் இரண்டைச் சுட்டலாம். பிரீத்தா சமரசனின் 'ஈவ்னிங் இஸ் தி ஹோல் டே' (2008) ஈப்போவில் வாழும் வசதி படைத்த தமிழ்க் குடும்பத்தையும் அங்குப் பணிப்பெண்ணாக இருந்து பழிசுமத்தப்படும் செல்லத்தையும் பற்றியது. நாவலின் தலைப்பு குறுந்தொகைப் பாடல் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து பெறப்பட்டது. காலனியம் விட்டுச்சென்ற வர்க்கப் படிநிலை தமிழர்க்குள்ளேயே செயற்படுவதை இந்நாவல் காட்டுவதால் வகுப்பறையில் விவாதிக்க மிகவும் ஏற்றது. தான் துவான் எங்கின் 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்' (2023) மாமையே கதைமாந்தராக்கி, பிரவுட்லாக் வழக்கை மீண்டும் எழுதுகிறது. பேரரசின் கதைசொல்லியைப் பிறரால் சொல்லப்படுபவராக மாற்றிய முயற்சி இது.

இருமொழி வாசிப்பின் தேவை

1971ஆம் ஆண்டுத் தேசியப் பண்பாட்டு மாநாட்டிற்குப் பின் வலுப்பெற்ற இலக்கியக் கொள்கையில் மலாய்மொழி இலக்கியமே தேசிய இலக்கியம் எனப்பட்டது. தமிழ், சீன இலக்கியங்கள் பிரிவு இலக்கியங்கள் எனப்பட்டன. ஆங்கில எழுத்தும் தேசிய இலக்கியத்திற்கு வெளியிலேயே நின்றது. உள்நாட்டில் ஒரே வகையாக ஒதுக்கப்பட்ட இவ்விரு எழுத்துகளின் உலக நிலையோ வேறு. ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை அனைத்துலகப் பின்காலனியப் பாடத்திட்டங்களுள் நுழைய முடிகிறது. தமிழில் எழுதப்பட்டவை மொழிபெயர்ப்பு இன்மையால் அங்குச் சென்றடைவது அரிதாகிறது. இதன் விளைவாக, மலேசியத் தமிழர் அனுபவத்தை அறிய விரும்பும் வெளிநாட்டு ஆய்வாளர் ஆங்கில நாவல்கள் சிலவற்றையே முழுச் சான்றாகக் கொள்ள நேர்கிறது. தோட்டப்புறத் தமிழர் தாமே தம் மொழியில் எழுதியவை மீண்டும் கேட்கப்படாத குரலாகின்றன.

இந்நிலையை மாற்றத்தக்க இடத்தில் இருப்பவர்கள் இரு மொழியும் அறிந்த தமிழாசிரியர்களும் ஆய்வாளர்களுமே. நூல்களை இணைகளாகக் கற்பித்தல் இதற்கு ஒரு தொடக்கமாக அமையும். மாமின் தோட்டக் கதை ஒன்றனோடு அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலையோ சீ. முத்துசாமியின் படைப்பு ஒன்றையோ, குவாய்ப் பாலத் திரைப்படத்தோடு 'சயாம் மரண ரயில்' நாவலையோ இணைத்துக் கற்பிக்கலாம். ஒவ்வோர் இணையிலும் மூன்று வினாக்களை மாணவர்முன் வைக்கலாம்: இந்நூலில் பெயர் பெற்றவர் யார்? பேசுபவர் யார்? கதை நடைபெறத் தேவையான உழைப்பைச் செய்பவர் யார்? கோட்பாட்டுச் சொற்கள் எவையுமின்றியே இவ்வினாக்கள் மாணவரை எதிரிணை வாசிப்பிற்கு இட்டுச் செல்லும்.

பெரட்டு, கிராணி, தண்டல், லயம், ஒட்டுப்பால் முதலிய தோட்டச் சொற்களுக்கு விளக்கம் தேடச் செய்வதும் பயன் தரும். அச்சொற்களைப் பேசி வளர்ந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட நிலையில், அச்சொற்களின் பொருளை நேரில் கேட்டறியும் வாய்ப்பு நீண்ட காலம் நீடிக்கும் எனக் கூறுவதற்கில்லை.

எதிரிணை வாசிப்பு நம் இலக்கியத்தின்மீதும் திரும்புதல் வேண்டும். ஆங்கிலக் கதைகளில் தொழிலாளி முகமற்றிருப்பது போன்றே நம் தோட்டக் கதைகள் பலவற்றில் 'துரை' முகமற்ற ஒரு பதவிப் பெயராகவே நிற்கிறார். காடழித்துத் தோட்டமாக்கிய உழைப்பைப் போற்றும் நம் எழுத்து, அக்காட்டில் முன்னரே வாழ்ந்த பூர்வகுடி மக்களைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. சாதிப் படிநிலைகள் லயங்களுக்குள் செயற்பட்ட விதமும் மேலும் ஆராயப்பட வேண்டியதே. பிறர் எழுத்தில் உள்ள இன்மைகளை மட்டும் எண்ணிச் சொல்லும் ஆய்வு விரைவில் முறையீடாகச் சுருங்கிவிடும். தன் இன்மைகளையும் எண்ணும்போதே அது ஆய்வாகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றான், பேரரசுக்கால ஆங்கில இலக்கியத்தைப் புறக்கணிப்பதும் வியந்து ஏற்பதும் தமிழாய்விற்குப் பயன் தரா என்பது விளங்கும். மாமின் கதைகள் செவ்விய கதைகள். அவை தொடர்ந்து வாசிக்கப்படுதல் வேண்டும். அவற்றில் இடம்பெறாதோரின் வரலாறும் இலக்கியமும் அவற்றோடு சேர்த்து வாசிக்கப்படும்போதே ஒரு நாட்டின் முழு வரலாறாக அவை பொருள்படும். அவ்வரலாற்றின் ஒரு பாதி ஆங்கிலத்தில் உள்ளது, நூலகந்தோறும் கிடைக்கிறது. மற்றொரு பாதியின் பெரும்பகுதி தமிழில் உள்ளது. சிறு பதிப்புகளாக வெளிவந்து, பல மறுபதிப்பின்றிக் கிடக்கிறது. அவற்றைத் தேடித் தொகுத்தல், ஆங்கிலத்திலும் மலாயிலும் மொழிபெயர்த்தல், ஆங்கிலத் துறைகளோடு இணைந்து கற்பித்தல் ஆகிய மூன்றும் இந்திய ஆய்வியல் துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். தமிழறிந்தோர் இதனைச் செய்யாவிடின் பிறர் செய்ய இயலாது.